காட்டர் பின் சைக்கிளுக்குப் புதுக் கிராங்க் போடுவது எப்படி

ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். மேடு ஏறும்போது அது காதுக்கு முன்னால் காலில் தெரியும். பெடலை அழுத்திய நொடியில் ஏதோ ஒன்று நூலளவு நழுவி, அப்புறம் பிடித்துக்கொள்வது போல இருக்கும். பார் வைத்த பழைய 28 இஞ்ச் சைக்கிளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் இரும்புக் கையை, அச்சோடு பூட்டி வைத்திருக்கும் காட்டர் பின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட ஒரு சைக்கிளில் காட்டர் பின் கிராங்கையும், அது சுற்றும் பி.பி.யையும் (அச்சும் குண்டுகளும் சேர்ந்த பாட்டம் பிராக்கெட்டைக் கடையில் இப்படித்தான் சொல்வார்கள்) கழற்றிவிட்டு, பின் இல்லாத சதுர அச்சு கிராங்க் போடுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். அப்பா ஓட்டிய சைக்கிளில்தான் இந்த வேலையை முதலில் கற்றுக்கொண்டேன். குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அதே சைக்கிளில்தான். அதனால் இதைத் தூக்கிப் போட மனம் வராதவர்களின் நிலைமை எனக்குப் புரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழற்றுங்கள், அளந்து பாருங்கள், அதற்குப் பிறகு வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்பான கிராங்க் செட்டை முதலில் வாங்கிவிட்டு, அது சேராமல் போனதும் கடைக்கும் வீட்டுக்கும் அலைகிறார்கள். நானும் முதல் முறை 107 மி.மீ. அச்சு ஒன்றை அளக்காமல் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் செயின் வீலின் பற்கள் பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயில் உரசின. புது அச்சு அப்படியே டப்பாவுக்குப் போனது.

மாற்றத்தான் வேண்டுமா?

சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மாற்றத் தேவையில்லை. புதுக் காட்டர் பின் இரண்டு, புதுக் குண்டுகள், நல்ல கிரீஸ் போதும். பெரும்பாலான பழைய பி.பி.யில் பக்கத்துக்கு 11 என்று கால் இஞ்ச் குண்டுகள் இருக்கும். குண்டுகளை மாற்றி, இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்ப் பக்கமிருந்து நுழையுமாறு அடித்தால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்கும். ஒரு பின்னைத் திசை மாற்றிப் போட்டுவிட்டால் இரண்டு கிராங்கும் கோணலாக நிற்கும், மிதிக்கவே முடியாது. இந்த ஓவராயில் வேலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுபவர்களுக்கும் பழைய அமைப்பையே வைத்துக்கொள்ளும்படிதான் சொல்வேன். முழுச் செயின் கவர் அந்தக் கிராங்குக்கு அளவெடுத்துச் செய்தது. புதுக் கிராங்க் பெரும்பாலும் அதற்குள் நுழையாது.

பின்னை எத்தனை முறை மாற்றினாலும் மறுபடி ஆட்டம் வருகிறதா, அச்சில் பின் உட்காரும் பள்ளமே தேய்ந்துவிட்டதா, அப்படியானால் மாற்றுங்கள். மாற்ற இன்னொரு நல்ல காரணம் மிதிபாரம். பழைய சைக்கிள்களில் செயின் வீலுக்கு 44 அல்லது 48 பல் இருக்கும். பின்னால் 18 பல் ஃப்ரீவீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.23 மீட்டர் ஓடும். 44 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.45 மீட்டர் நகர்வீர்கள். 38 பல் போட்டால் அது 4.7 மீட்டராகக் குறையும். வேகம் கொஞ்சம் போகும்தான், ஆனால் மேம்பாலத்திலும் எதிர்க்காற்றிலும் முட்டி உங்களை வாழ்த்தும். ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி சைக்கிள் எடுப்பவர்களுக்கு இந்த மாற்றத்தை நான் மனதார சிபாரிசு செய்வேன்.

தேவையான கருவிகள்

ஒரு கிலோ சுத்தியல், 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், காட்டர் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், மி.மீ. துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர். வெர்னியர் பிளாஸ்டிக்கில் இருந்தாலும் பரவாயில்லை. அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் ஒரு துண்டு வேண்டும். கிராங்குக்கும் தரைக்கும் நடுவே சரியாக நிற்கும் உயரத்துக்கு அதை வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான கருவி, ஏன் என்று சொல்கிறேன்.

புதுப் பாகங்களுக்கு மூன்று கருவிகள் தனியாக வேண்டும். கிராங்க் போல்ட்டுக்கு 14 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் (சில போல்ட்டுகளுக்கு 8 மி.மீ. ஆலன் கீ), கப்பின் உள்ளே பிடிக்கும் 20 பல்லுள்ள பி.பி. டூல், அப்புறம் கிராங்க் புல்லர். புல்லர் மாட்டும்போது வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போதுதான் வேண்டும். ஆனாலும் இப்போதே வாங்கிவிடுங்கள், ஏனென்றால் அளவு சரிபார்க்க இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழைய பல் துலக்கும் பிரஷ், கிரீஸ், பழைய துணி இவை எப்படியும் வீட்டில் இருக்கும்.

காட்டர் பின்னைக் கழற்றுவது

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். 30, 40 வருடம் மழையில் நனைந்த காட்டர் பின் அச்சோடும் கிராங்கோடும் துருவால் ஒட்டிப் போயிருக்கும். அவசரப்படாதீர்கள். முதல் நாள் இரவே பின்னின் இரண்டு முனைகளிலும் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு வையுங்கள். காலையில் இன்னொரு முறை விடுங்கள்.

பழைய பெடல்களைத் திரும்பப் பயன்படுத்த நினைத்தால், கிராங்க் இறுக்கமாக இருக்கும் இப்போதே பெடலைத் தளர்த்துங்கள். பிறகு பிடிமானம் கிடைக்காது. வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் இடது மரை. இரண்டு பெடலுக்கும் ஒரே கணக்கு உண்டு. ஸ்பேனர் பெடலுக்கு மேலே நிற்கும்போது, அதைச் சைக்கிளின் பின்பக்கம் நோக்கித் தள்ளினால் கழலும். செயின் லாக்கை எடுத்து, செயினையும் இறக்கி வைத்துவிடுங்கள். செயின் கவரும் வழியில் இருக்கக் கூடாது.

இப்போது காட்டர் நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதாகக் கழற்றாதீர்கள். நட்டின் மேல் விளிம்பும் பின்னின் மரை முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும் வரை திருப்பினால் போதும். மரை நசுங்காமல் நட்டு காக்கும். கிராங்கைத் திருப்பி, நட்டு மேலேயும் பின்னின் தலை கீழேயும் வருமாறு நிறுத்துங்கள். பின்னின் தலை பைப்பின் ஓட்டைக்குள் இறங்க இடம் இருக்கும்படி, பைப்பைக் கிராங்குக்கு நேர் கீழே தரையில் ஊன்றுங்கள். சைக்கிளின் பாரம் முழுவதும் பைப்பின் மேல் இருக்க வேண்டும். தரை சிமென்ட்டாக இருக்கட்டும். மண்ணோ பலகையோ அடியின் வேகத்தை விழுங்கிவிடும்.

பைப் இல்லாமல் அடித்தால் என்ன ஆகும்? அடி முழுவதும் அச்சு வழியாகக் குண்டுகளுக்கும், அவை உருளும் கிண்ணமான கப்புக்கும் போகும். கப்பில் குழி விழும், சைக்கிள் துள்ளும், பின் மட்டும் அசையாது. பைப் வைத்தால் கிராங்க் அசைய வழியில்லை, அடி நேராகப் பின்னுக்குப் போகும்.

பத்து சின்ன அடிகள் பின்னின் முனையைக் காளான் போல விரித்துவிடும், அப்புறம் அது ஓட்டை வழியாக வராது. கனமான சுத்தியலால் நேராக, ஒரே பலத்த அடி. 'டங்' என்ற சத்தம் 'தொப்' என்று மாறினால் பின் இறங்கிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துருச் சில்லு கண்ணில் தெறிக்கும்.

அடித்தும் வரவில்லை, முனை வளைந்துவிட்டது என்றால் அடிப்பதை நிறுத்திவிடுங்கள். ஆக்சா பிளேடால் முனையை அறுத்துவிட்டு, நடுவில் புள்ளி குத்தி, முதலில் சின்ன டிரில்லும் பிறகு பெரிய டிரில்லுமாகத் துளையிட்டு, மீதியைத் தட்டி எடுக்க வேண்டும். பின்னின் விட்டம் இங்கிலாந்து வழி வந்த சைக்கிள்களில் பெரும்பாலும் 9.5 மி.மீ. அதனால் 6 மி.மீ. துளை போட்டாலே பின் பலமிழந்து நொறுங்க ஆரம்பிக்கும். பழைய அச்சும் கிராங்கும் எப்படியும் போகப் போகிறவைதான். எனவே அவற்றில் கீறல் விழுந்தால் கவலை வேண்டாம், ஃபிரேமைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பைக் கழற்றுவது: திசையை மறந்தால் போச்சு

கிராங்குகள் வந்ததும் இடது பக்கத்தில் லாக் ரிங்கும், சரிசெய்யும் கப்பும் தெரியும். லாக் ரிங்கின் வெட்டில் ஒரு பஞ்ச்சை வைத்துத் தட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். அடுத்து கப்பும் அதே திசையில் வரும். கீழே ஒரு தட்டு வையுங்கள், குண்டுகள் கொட்டும். அச்சை வெளியே உருவுங்கள்.

வலது பக்கக் கப்புதான் சோதனை. அது நிலையான கப், பட்டறையில் இறுக்கியதற்குப் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதன் மரை இடது மரை. அதைக் கழற்றக் கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் வழக்கம் போல எதிர்த் திசையில் முக்கி முக்கி இறுக்கிவிடுபவர்கள் ஏராளம்.

ஏன் இப்படி வைத்தார்கள்? வலது பக்கமிருந்து பார்த்தால் அச்சு கடிகார முள் திசையில் சுற்றுகிறது. மிதிக்க மிதிக்க, கப் அதற்கு எதிர்த் திசையில் மெல்ல மெல்ல நகரப் பார்க்கும். சாதாரண மரையாக இருந்தால் அது கழலும் திசை. இடது மரை வைத்ததால் அதுவே இறுகும் திசையாகிவிட்டது. மிதிப்பதே கப்பை இறுக்குகிறது. அருமையான யோசனை.

இந்தக் கப்பில் ஸ்பேனர் பிடிக்க மெல்லிய இரண்டு தட்டை முகங்கள்தான் இருக்கும், ஸ்பேனர் வழுக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கப்பின் நடு ஓட்டையில் நுழையும் தடித்த போல்ட் ஒன்றை வெளியிலிருந்து உள்ளே செருகுங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் கனமான வாஷர் போட்டு நட்டை இறுக்குங்கள். கப் இரண்டு வாஷருக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். இப்போது வெளியே இருக்கும் போல்ட் தலையைக் கடிகார முள் திசையில் திருப்புங்கள். முதலில் போல்ட் இன்னும் இறுகும். இறுக இடமில்லாமல் போனதும் கப்பே சேர்ந்து திரும்ப ஆரம்பிக்கும். போல்ட் இறுகும் திசையும் கப் கழலும் திசையும் ஒன்றாக இருப்பதால்தான் இந்த வழி பலிக்கிறது. நீளமான ஸ்பேனர் போடுங்கள், கூட ஓர் ஆள் ஃபிரேமைப் பிடித்துக்கொள்ளட்டும்.

அளவெடுப்பது

இப்போது கையில் காலியான பி.பி. கூடு இருக்கிறது. மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து உட்பக்கத்தைக் கழுவித் துடையுங்கள். முதல் அளவு கூட்டின் அகலம், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை. பெயிண்ட் கட்டியைச் சுரண்டிவிட்டு அளந்தால் 68 மி.மீ. வருவது பொதுவான அளவு. 73 மி.மீ. என்றால் அது பெரும்பாலும் மலைச் சைக்கிள் வகை.

அடுத்தது மரை. உலகில் அதிகம் புழங்குவது 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 மரை. இதற்கு பி.எஸ்.ஏ. மரை என்றே பெயர். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்பெனியின் சுருக்கம்தான் பி.எஸ்.ஏ. 1861இல் தொடங்கிய அந்தக் கம்பெனி பிறகு சைக்கிள் பாகங்கள் செய்ததில், அதன் மரை அளவே பொது அளவாகிவிட்டது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக அதே பெயர் நம் ஊர்ச் சைக்கிள்களின் முன்பக்கப் பட்டையிலும் ஏறியது. தினமும் பார்த்த மூன்றெழுத்து ஒரு மரைக்கும் பெயர் என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் போகவில்லை.

ஆனால் எல்லாப் பழைய சைக்கிளும் அந்த மரை அல்ல. நாட்டிங்காமில் செய்த பல ராலே சைக்கிள்களில் இஞ்சுக்கு 26 மரை, கூடு 71 அல்லது 76 மி.மீ. அகலம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கழற்றிய கப்பின் மேல் ஸ்கேல் வைத்து அரை இஞ்சுக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். 12 வந்தால் 24 மரை, 13 வந்தால் 26 மரை. கப்பில் அரை இஞ்ச் மரை இல்லாவிட்டால் கால் இஞ்சில் எண்ணலாம், 6 அல்லது 6½ வரும். இன்னும் நம்பகமான சோதனை, 24 மரை உள்ள புதுக் கப் ஒன்றைக் கையாலேயே திருப்பிப் பார்ப்பது. நாலைந்து சுற்று விரலாலேயே உள்ளே போனால் சரி. ஒன்றிரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கூட்டின் மரை போய்விடும். ஃபிரேமில் இதுதான் சரிசெய்யக் கடினமான இடம். 26 மரை என்று தெரிந்தால், பழைய கப்புகளையே வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பொருந்தும் சதுர அச்சு தேடுங்கள். கிடைக்காவிட்டால் மரையைப் பிடிக்காமல் கூட்டுக்குள் விரிந்து நிற்கும் வகைப் பி.பி. போடலாம்.

மூன்றாவது, செயின் கோடு. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் கோடு எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே அது. முன்னும் பின்னும் ஒரே அளவாக இருந்தால் செயின் நேராக ஓடும். கியர் இல்லாத சைக்கிளில் இது மிக முக்கியம், ஏனென்றால் அங்கே செயின் நாள் முழுக்க ஒரே கோட்டில்தான் ஓடுகிறது.

பின்னால் இப்படி அளக்கலாம். பின் சக்கரம் உட்காரும் இரண்டு ஃபோர்க் முனைகளின் உள்பக்க இடைவெளி 110 மி.மீ. என்று வையுங்கள். அதில் பாதி 55. வலது முனையின் உள்பக்கத்திலிருந்து ஃப்ரீவீல் பல்லின் நடு வரை 13 மி.மீ. என்றால், 55இல் 13 போக 42. இதுதான் முன்னால் நமக்கு வேண்டிய அளவு. முன்னால் அளப்பதற்கு சீட் குழாயைப் பயன்படுத்துங்கள். குழாயின் விட்டம் 28.6 மி.மீ. என்றால் பாதி 14.3. குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து செயின் வீல் பல்லின் நடு வரை 27.7 இருந்தால் கூட்டினால் 42. இவை உதாரண எண்கள், உங்கள் சைக்கிளில் வருவதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் பொறுத்துக்கொள்ளலாம், நாலு ஐந்து என்றால் செயின் கரகரக்கும்.

எதை வாங்குவது

அளவு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். இரண்டு வகை பி.பி. கிடைக்கும். ஒன்று கப்பும் குண்டும் சதுர அச்சும் தனித்தனியாக வரும் செட். விலை குறைவு, ஆனால் ஆட்டத்தை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் பிரித்துக் கிரீஸ் போட வேண்டும். இன்னொன்று பேரிங்கும் அச்சும் ஒரே உருளைக்குள் மூடி வரும் சீல்டு பி.பி. ஷிமானோவின் யு.என்.300 இந்த வகை. முதல் முறை செய்பவர்களுக்கு நான் சீல்டு வகையைத்தான் சொல்வேன். இறுக்கினால் வேலை முடிந்தது, தண்ணீர் எளிதில் உள்ளே போகாது, பல வருடம் தொட வேண்டாம்.

கூட்டுக்கு வெளியே பேரிங் வைத்து 24 மி.மீ. குழாய் அச்சோடு வரும் புதிய வகைக் கிராங்குகளும் 68 மி.மீ. பி.எஸ்.ஏ. கூட்டில் ஏறும். ஆனால் கூட்டின் இரண்டு விளிம்பும் துல்லியமாக இணையாக இருக்க வேண்டும். பழைய இரும்பு ஃபிரேமில் அது அபூர்வம், தனி இயந்திரத்தில் சீவ வேண்டியிருக்கும். தோற்றமும் மெல்லிய குழாய்களோடு ஒட்டாது. சதுர அச்சே போதும். பிரான்சின் ஸ்ட்ராங்லைட் கம்பெனி 1933இல் கொண்டுவந்த அமைப்பு அது, இன்றும் விற்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கிறது.

சதுர முனையிலும் இரண்டு அளவு உண்டு, ஜப்பான் தரமான ஜே.ஐ.எஸ். மற்றும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. சாய்வு ஒன்றுதான், முனையின் தடிமன் வேறு. ஷிமானோ, சுகினோ போன்ற ஜப்பான் வழிக் கிராங்குகளுக்கு ஜே.ஐ.எஸ்., இத்தாலியின் கம்பாக்னோலோவுக்கு ஐ.எஸ்.ஓ. மாற்றிப் போட்டால் கிராங்க் சுமார் 4.5 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ போய் நிற்கும். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் ஜே.ஐ.எஸ்., ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

அச்சு நீளம் 107, 110, 113, 118, 122.5 மி.மீ. என்று பல அளவில் வரும். எது வேண்டும் என்பதைக் கிராங்க்தான் தீர்மானிக்கும், சைக்கிள் மட்டும் அல்ல. அதனால் கிராங்கை முதலில் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சொல்லப்பட்ட அச்சு நீளத்தைக் கடைக்காரரிடம் வாங்கி, 'சேராவிட்டால் மாற்றித் தர வேண்டும் அண்ணே' என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் மாட்டிச் செயின் கோட்டை அளங்கள். 113 அச்சில் 39.5 வந்தது, வேண்டியது 42 என்றால் 2.5 மி.மீ. குறைகிறது. அச்சு இரண்டு பக்கமும் சமமாக நீள்வதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், 5 மி.மீ. ஆக 118 அச்சு. அளக்கும் முன் கிராங்க் போல்ட்டை முறையாக இறுக்கியிருக்க வேண்டும். சும்மா கையால் செருகி அளந்தால் தவறாக வரும், ஏனென்றால் இறுக்கும்போது கிராங்க் இன்னும் உள்ளே போகும்.

கிராங்க் நீளம் 165 அல்லது 170 மி.மீ. எடுங்கள். பழைய கிராங்க் எத்தனை என்று அளந்தால் பழகிய கால் அளவு தெரியும். பல பழைய சைக்கிள்களில் ஆறரை இஞ்ச், அதாவது 165. ஒற்றைச் செயின் வீல் உள்ள அலுமினியக் கிராங்காக இருக்கட்டும். செயின் அகலத்தையும் கவனியுங்கள். கியர் இல்லாத சைக்கிளின் செயின் உள் அகலம் 1/8 இஞ்ச், சுமார் 3.2 மி.மீ. கியர் சைக்கிளின் செயின் வீல் 3/32 இஞ்ச் செயினுக்கானது. அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடும், மெல்லிய செயின் தடித்த பல்லில் உட்காராது.

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜாரில் தேடலாம். மற்ற ஊர்களில் பெரிய கடையில் சொல்லி வைத்தால் லூதியானாவிலிருந்து வரும் சரக்கோடு வரவழைத்துத் தருவார்கள்.

பி.பி. மாட்டுவது

கூட்டின் மரையில் துரு இருந்தால், பழைய இரும்புக் கப்பின் மரையில் ஆக்சா பிளேடால் குறுக்காக இரண்டு மூன்று வெட்டுப் போடுங்கள். ஆயில் விட்டு அதைக் கூட்டில் முன்னும் பின்னும் திருப்பினால், துருவும் பெயிண்டும் அந்த வெட்டுகளில் சேர்ந்து வெளியே வரும். அந்தந்தப் பக்கத்துக் கப்பை அந்தந்தப் பக்கத்துக்கே பயன்படுத்துங்கள். கூட்டுக்குள் குழாய்களின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் சீல்டு உருளை அதில் முட்டும். அரத்தால் ராவிவிட்டு இரும்புத் தூளைச் சுத்தமாகத் துடையுங்கள். கூட்டின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அதை அடைக்காதீர்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் போக அதுதான் வழி. மேலே பழைய ஆயில் மூடி இருந்தால் அதை மட்டும் மூடி வையுங்கள், இனி ஆயில் விட வேண்டாம்.

மரை முழுக்கக் கிரீஸ் தடவுங்கள். சீல்டு பி.பி.யில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். ஆர் பக்கம் வலது கூட்டுக்குள். கையால், கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். முதல் மூன்று சுற்று விரலால் மட்டும்தான். கோணலாக ஏறுகிறது என்று தோன்றினால் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். பாதி போனதும் இடது பக்கக் கப்பைச் சாதாரண மரைத் திசையில் கையால் பிடிக்க வையுங்கள். பிறகு வலது பக்கத்தை விளிம்பு கூட்டில் முட்டும் வரை இறுக்கி, கடைசியாக இடதை இறுக்குங்கள். இறுக்கம் சுமார் 60 நியூட்டன் மீட்டர். அளவு காட்டும் ஸ்பேனர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 30 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடை தொங்கினால் வரும் விசை அது.

கிராங்கும் பெடலும்

சதுர முனையைத் துணியால் துடைத்துவிட்டு வலது கிராங்கைச் செருகுங்கள். போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ், அடியில் வாஷர் இருந்தால் அதோடு, சுமார் 40 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ. செயின் வீல் கீழ்க் குழாயைத் தொடாமல் சுற்றுகிறதா, 3 மி.மீ.யாவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடது கிராங்கை நேர் எதிராக வைத்து அதே போல இறுக்குங்கள். சைடு ஸ்டாண்டு இருந்தால் அதில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பின்னாளில் கழற்றும்போது போல்ட்டை எடுத்ததும் உள்ளே வாஷர் தங்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வாஷர் உள்ளே இருக்கப் புல்லரைத் திருகினால், அலுமினியத்தில் வெட்டிய மரை அப்படியே பிய்ந்து வரும். புல்லரும் அந்த மரையின் கடைசி வரை கையாலேயே ஏறியிருக்க வேண்டும்.

பெடல் அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். கோணலாக ஏற்றினால் போவது கிராங்க்தான். கிரீஸ் தடவி விரலால் ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்கள்.

செயின், பிரேக்

பழைய செயினையே போடலாமா? 24 கண்ணிகளை நீட்டி அளங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 இஞ்ச். 1/16 இஞ்ச் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். 1/8 கூடியிருந்தால் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது புதுச் செயினைக் கெடுக்கும்.

44 பல்லிலிருந்து 38க்கு வந்தால் செயினில் மூன்று கண்ணி மிச்சமாகும். லாக் போட ஜோடிக் கணக்கில்தான் குறைக்க முடியும் என்பதால் இரண்டு கண்ணியை எடுங்கள். மீதி ஒரு கண்ணியின் தளர்வை இழுக்கப் பின் சக்கரம் சுமார் 6 மி.மீ. பின்னால் போகும். ராடு பிரேக் சைக்கிளில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்கரம் நகர்ந்ததும் பின் பிரேக் கட்டைகள் ரிம்மில் பழைய இடத்தில் உட்காராது. ராடைத் தளர்த்திக் கட்டைகளைச் சரிசெய்த பிறகே சாலையில் இறங்குங்கள். செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். செயினை நடுவில் அழுத்தினால் அரை இஞ்ச் அளவு தளர வேண்டும்.

முதல் நூறு கிலோமீட்டர்

வீட்டுத் தெருவிலேயே நாலு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இரண்டு கிராங்க் போல்ட்டையும் மறுபடி அதே 40 அளவுக்குச் சரிபாருங்கள். புது அலுமினியம் அச்சின் மேல் படியப் படியப் போல்ட் கொஞ்சம் தளரும். அடுத்து 50 கிலோமீட்டரில் ஒரு முறை, 100இல் ஒரு முறை. இடது கிராங்கில் லேசான ஆட்டம் தெரிந்தால் வீடு வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். தளர்ந்த கிராங்கை மிதித்தால் அதன் சதுர ஓட்டை உருண்டையாகிவிடும், அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

புதுசு போட்டும் சத்தம் வந்தால் பி.பி.யைக் குறை சொல்லும் முன் பெடலைச் சந்தேகப்படுங்கள். நின்று மிதித்தால் சத்தம் போய்விடுகிறது என்றால் அது சீட்டிலிருந்து வருகிறது. செயின் வீல் போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

கழற்றிய கப்புகள், அச்சு, குண்டுகள் எல்லாவற்றையும் துடைத்து ஆயில் தடவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அளவெடுத்த சீட்டையும் அதோடு வையுங்கள்: கூட்டின் அகலம், மரை, செயின் கோடு, போட்ட அச்சின் நீளம், தேதி. பத்து வருடம் கழித்து அடுத்த பி.பி. போடப் போகிறவர் நீங்களோ உங்கள் பிள்ளையோ, கடைக்குக் கொண்டு போக அந்தச் சீட்டு போதும்.